கதிர்வீச்சும் இதயமும்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை குறித்து இப்பகுதிக்கு மும்பையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. இடது மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது அதற்கு நேர் கீழே இருக்கும் இதயத்துக்கு என்ன ஆகும் என்பதே அது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு வயது 47. இடது மார்பகத்தில் கட்டியை மட்டும் அகற்றினார்கள், கீமோதெரபி முடிந்துவிட்டது. அடுத்து மூன்று வாரம் ரேடியேஷன் என்கிறார்கள். "கரண்ட் வைத்தால் பத்து வருடத்தில் ஹார்ட் போய்விடும்" என்று என் நாத்தனார் பயமுறுத்துகிறார். ரேடியேஷனைத் தவிர்த்துவிடலாமா? (வாசகி, மாட்டுங்கா)

உங்கள் நாத்தனார் சொல்வது முழுக் கற்பனை அல்ல. ஆனால் அது பழைய காலத்துக் கணக்கு. 1960களிலும் 70களிலும் இடது மார்புக்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களில் பலருக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு கூடுதலாக வந்தது உண்மை. அன்றைய கருவிகளில் இதயம் எங்கே இருக்கிறது என்று சி.டி. படத்தில் பார்த்துத் திட்டமிடும் வசதி இல்லை; எலும்புகளை அடையாளமாக வைத்துக்கொண்டு கதிரின் எல்லைகளை வகுத்தார்கள்.

இதயம் வாங்கும் கதிர்வீச்சை 'கிரே' என்ற அலகில் அளக்கிறோம். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை சிகிச்சை பெற்ற 2,168 பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வுதான் இன்றும் எங்களுக்கு அளவுகோல். இதயத்தின் சராசரி டோஸ் ஒவ்வொரு கிரே கூடும்போதும் மாரடைப்பு போன்ற பெரிய இதய நிகழ்வுகளின் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது, அதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் தென்படவில்லை, முதல் ஐந்து ஆண்டுகளிலேயே தொடங்கும் இந்தக் கூடுதல் குறைந்தது இருபது ஆண்டுகள் வரை தொடர்கிறது என்பவை அதன் முடிவுகள்.

7.4 சதவீதம் என்றதும் நூறு பெண்களில் ஏழு பேருக்கு மாரடைப்பு வரும் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பின் மேல் ஏறும் விகிதம் அது. அதே ஆய்வு தரும் உதாரணத்தைச் சொல்கிறேன். இதயக் கோளாறுக்கான காரணிகள் எதுவும் இல்லாத 50 வயதுப் பெண்ணின் இதயத்துக்குச் சராசரி 3 கிரே சென்றால், 80 வயதுக்குள் அவர் இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 1.9 சதவீதத்திலிருந்து 2.4 சதவீதமாகிறது, அதாவது இருநூறு பேரில் ஒருவர் கூடுதல். இது ஐரோப்பியப் பெண்களின் கணக்கு என்பதையும், நம் மக்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இளம் வயதிலேயே வந்துவிடுகின்றன என்பதையும் நான் மறைக்கவில்லை.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். மார்பகத்தைக் காத்துக் கட்டியை மட்டும் அகற்றிக்கொண்ட 10,801 பெண்கள் பங்கேற்ற 17 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்டார்கள். கதிர்வீச்சு பெறாதவர்களில் 35 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. பெற்றவர்களில் அது 19.3 சதவீதம். பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த மரணம் 25.2 சதவீதத்திலிருந்து 21.4 சதவீதமாகக் குறைந்தது. இருநூறில் ஒருவர் என்ற இழப்பையும் நூறில் நான்கு பேர் என்ற ஆதாயத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உங்கள் வயதில் சிகிச்சையைக் கைவிடுவது தவறான முடிவு என்றே சொல்வேன். ஆனால் இதயத்தின் டோஸை இயன்ற மட்டும் குறைத்துத் தரும்படி கேட்பது உங்கள் உரிமை.

அதற்கு இன்று நம்மிடம் உள்ள நல்ல வழி, மூச்சை ஆழ்ந்து உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கதிரைச் செலுத்துவது. மருத்துவமனைகளில் இதை 'டி.ஐ.பி.எச்.' என்பார்கள். நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கும்போது நுரையீரல் விரிகிறது, உதரவிதானம் கீழே இறங்குகிறது, அதோடு சேர்ந்து இதயமும் மார்புச் சுவரை விட்டுக் கீழாகவும் உள்ளாகவும் நகர்கிறது. விலகும் தூரம் ஒரு விரற்கடை அளவுதான். ஆனால் கதிர் மார்புச் சுவரை உரசினாற்போல் சாய்வாகச் செல்வதால் அந்தத் தூரமே போதுமானதாகிவிடுகிறது. குறிப்பாக, இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் 'எல்.ஏ.டி.' என்ற முக்கியமான ரத்தக்குழாய் கதிரின் பாதையிலிருந்து தப்புகிறது. பெரும்பாலான பெண்களுக்கு இதயத்தின் சராசரி டோஸ் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதைப் பார்க்கிறோம்.

திட்டமிடுவதற்கான சி.டி. எடுக்கும் நாளில் சாதாரண மூச்சில் ஒன்றும் மூச்சைப் பிடித்த நிலையில் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்து ஒப்பிடுவார்கள். சிலருக்கு இரண்டிலும் பெரிய வேறுபாடு இராது. அவர்கள் மூச்சைப் பிடித்துச் சிரமப்பட வேண்டியதில்லை. திட்டம் தயாரானதும் உங்கள் மருத்துவரிடம், "என் இதயத்தின் சராசரி டோஸ் எத்தனை கிரே? எல்.ஏ.டி.க்கு எவ்வளவு போகிறது?" என்று கேளுங்கள். அந்த எண்கள் திட்ட அறிக்கையில் இருக்கும். மூச்சைப் பிடிக்கும் முறையில், மார்பகத்துக்கு மட்டும் கதிர் கொடுக்கும்போது, சராசரி 1 முதல் 2 கிரேக்குள் முடித்துவிட முடிவது இப்போது சாதாரணமாகிவிட்டது. மார்பெலும்புக்கு அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் கதிர் தேவைப்படுகிறவர்களுக்கு அது கூடும். அப்போது எண்ணை மட்டும் பார்த்துப் பதறாமல் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் மாமியாருக்கு வயது 61. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்களாம். அவருக்கு இந்தியும் மராத்தியும் அரைகுறையாகத்தான் புரியும். இயந்திர அறையில் தனியாக வேறு இருக்க வேண்டும். தவறான நேரத்தில் மூச்சை விட்டுவிட்டால் கதிர் இதயத்தில் பட்டுவிடாதா? நாங்கள் போகும் மருத்துவமனையில் அதற்கான கருவி இல்லாவிட்டால் என்ன செய்வது? (வாசகி, தாராவி)

முதல் அச்சத்தை இப்போதே விட்டுவிடலாம். மார்பின் உயர்வைக் கேமராவோ, நெஞ்சின் மேல் வைக்கும் சிறு பெட்டியோ, வாயில் பொருத்தும் குழாயோ இடைவிடாமல் கண்காணித்துக்கொண்டிருக்கும். குறித்த அளவுக்கு மார்பு உயர்ந்து நின்றால்தான் கதிர் வரும். அவர் இருமினாலும் மூச்சை விட்டாலும் கதிர் நிறுத்தப்பட்டுவிடும். ஓய்வெடுத்து மறுபடி இழுத்துப் பிடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அறைக்குள் அவர் தனியாக இருந்தாலும் வெளியே இருப்பவர்கள் திரையில் அவரைப் பார்த்துக்கொண்டும் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டும்தான் இருப்பார்கள்.

ஒரு முறைக்கு இருபது விநாடி அளவில் பிடித்தால் போதும். ஓர் அமர்வில் சில முறை பிடிக்க வேண்டியிருக்கும். சி.டி. எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் பழகச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, வயிறு உப்பாமல் மார்பு உயரும்படி நிதானமாக இழுத்து நிறுத்த வேண்டும். பலர் முதுகை வில்லாக வளைத்து மார்பை உயர்த்திக் காட்டுகிறார்கள். பார்வைக்கு உயரம் சரியாக இருக்கும், ஆனால் உள்ளே இதயம் நகர்ந்திருக்காது. முதுகு மேசையில் பதிந்திருக்கிறதா என்று அருகில் இருக்கும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். பிராணாயாமம் செய்து பழகிய மாமிகள் இதில் கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்கள் வயிற்று மூச்சுக்குப் பழகியவர்கள். அவர்களுக்கும் மார்பு மூச்சைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

மொழிச் சிக்கலை மும்பையில் நாங்கள் தினமும் சந்திக்கிறோம். "சாஸ் லோ, ரோக்கோ, சோடோ" (மூச்சை இழு, பிடி, விடு) என்ற மூன்று கட்டளைகளையும் வீட்டிலேயே நீங்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். இழுக்க வேண்டியதையும் நிறுத்த வேண்டியதையும் திரையில் கோடாகவோ நிறமாகவோ காட்டும் கருவிகளும் உண்டு. அவற்றுக்கு மொழியே தேவையில்லை. முதல் நாள் டெக்னாலஜிஸ்டிடம், "என் அத்தைக்கு இந்தி சரியாக வராது, மெதுவாகச் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லத் தயங்காதீர்கள்.

விலையுயர்ந்த கருவி இல்லாமலும் இதைச் செய்யலாம். நோயாளி தாமாகவே மூச்சைப் பிடிப்பது, தோலில் இட்ட புள்ளிகளும் ஒளிக்கோடும் பொருந்துகின்றனவா என்று ஊழியர்கள் பார்த்துக்கொண்டே கதிர் கொடுப்பது என்ற எளிய முறையை இங்கிலாந்தில் 'ஹார்ட்ஸ்பேர்' ஆய்வில் கருவி முறையோடு ஒப்பிட்டார்கள். துல்லியத்தில் இரண்டும் ஒத்திருந்தன. எளிய முறைக்கு நேரமும் செலவும் குறைவாகவே ஆயின. மூச்சைப் பிடிக்கவே முடியாதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. மார்பகம் பெரிதாக இருப்பவர்களைக் குப்புறப் படுக்கவைத்தால் மார்பகம் இதயத்தை விட்டுத் தொங்கி விலகும். கட்டி இருந்த இடம் இதயத்துக்கு எதிரே இல்லாவிட்டால், கதிரின் ஓரத்தில் உலோகத் தகடுகளால் இதயத்தை மறைத்துவிடலாம். தகுதியுள்ளவர்களுக்கு மார்பகத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கதிர் கொடுக்கலாம். 'ஐ.எம்.ஆர்.டி.' என்ற பல திசைக் கதிர்முறை நவீனமானது என்பதற்காகவே அதைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். இதயத்தில் விழும் அதிக டோஸைக் குறைக்கும் அதே முறை, குறைந்த டோஸை மறு மார்பகத்துக்கும் நுரையீரலுக்கும் பரப்பிவிடக்கூடும். அதைத் திட்டமிடுபவர்தான் எடை போட வேண்டும்.

என் மனைவியைக் கல்யாணிலிருந்து பரேலுக்கு தினமும் லோக்கலில் அழைத்துப் போகிறேன். ஐந்து வாரம் என்றவர்கள் இப்போது மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். வேகமாகக் கொடுத்தால் இதயம் கூடுதலாகப் பாதிக்கப்படாதா? (வாசகர், கல்யாண்)

பாதிக்கப்படாது. பழைய முறையில் ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 25 நாளில் 50 கிரே கொடுத்தோம். இப்போது 15 நாளில் 40 கிரே. ஒரு நாளின் அளவு சற்றுக் கூடுகிறது, மொத்தம் குறைகிறது. இங்கிலாந்தின் 'ஸ்டார்ட்' ஆய்வுகளில் பத்து ஆண்டு கவனித்தபோது குறுகிய முறையில் இதய நோய் கூடுதலாக வரவில்லை. 5 நாளில் 26 கிரே கொடுக்கும் முறையின் ஐந்தாண்டு முடிவுகளும் 2020இல் வந்துவிட்டன. உங்கள் மனைவிக்கு அது பொருந்துமா என்பது நோயின் நிலையைப் பொறுத்தது. நாள் எண்ணிக்கை எதுவாயினும் இதயத்தைக் காப்பது கதிர் செல்லும் பாதைதான். தினமும் கூட்டத்தில் நின்று போவதிலிருந்து இரண்டு வாரம் மிச்சமாவதைச் சிறிய நன்மை என்று நான் நினைக்கவில்லை.

அம்மாவுக்கு 68 வயது. நான்கு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தோம். இப்போது இடது மார்பகத்தில் சிறிய கட்டி. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கணுக்களில் நோய் இல்லை, ஹார்மோன் ஏற்பி உண்டு, அதாவது ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி என்கிறார்கள். ஸ்டென்ட் இருக்கும்போது கதிர்வீச்சு கொடுக்கலாமா? (வாசகர், செம்பூர்)

கொடுக்கலாம், ஸ்டென்ட் ஒரு தடை அல்ல, கதிர் அதைப் பழுதாக்காது. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, கதிர்வீச்சு அம்மாவுக்குத் தேவையா என்பது. 65 வயதுக்கு மேற்பட்டு, 3 செ.மீ.க்குள் கட்டியும், கணுக்களில் நோயின்மையும், ஹார்மோன் ஏற்பியும் உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பின் ஹார்மோன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கதிர்வீச்சை விட்டுவிடலாமா என்று 'பிரைம் 2' என்ற ஆய்வு பார்த்தது. பத்து ஆண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது கதிர்வீச்சு இல்லாதவர்களில் 9.5 சதவீதம், பெற்றவர்களில் 0.9 சதவீதம், ஆனால் உயிர் வாழ்ந்தவர்களின் விகிதம் இரு பக்கத்திலும் ஏறக்குறைய 81 சதவீதமாகவே இருந்தது. ஏற்கெனவே இதய நோயுள்ள அம்மாவைப் பொறுத்தவரை இது நிதானமாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். மாத்திரையை ஐந்து ஆண்டு தவறாமல் சாப்பிடுவாரா என்பதை மகனான நீங்கள் உண்மையாகச் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்திவிடுவார் என்றால் கணக்கே மாறிவிடும்.

கதிர்வீச்சு என்று முடிவானால், ஆஞ்சியோகிராம் அறிக்கையைக் கொண்டுபோய் எந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது என்பதைக் காட்டுங்கள், எல்.ஏ.டி. என்றால் திட்டமிடுபவர் அதைத் தனியாக வரைந்து காப்பார். ஆஸ்பிரின், கொழுப்பு, ரத்த அழுத்த மாத்திரைகள் எதையும் "ரேடியேஷன் முடியும்வரை வேண்டாம்" என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அந்தக் கருவி கதிரால் குழம்பக்கூடியது என்பதால், சி.டி. எடுக்கும் முன்பே கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

எனக்கு வலது மார்பகத்தில் நோய். டிராஸ்டூசுமாப் ஊசி போட்டுக்கொண்டே ரேடியேஷனும் போகிறது. ஊசி இதயத்தைப் பலவீனமாக்கும் என்கிறார்களே? (வாசகி, முலுண்ட்)

வலப்பக்கம் என்பதால் கதிர்வீச்சு உங்கள் இதயத்துக்குப் பெரிய கவலை அல்ல. உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது மருந்துதான். டிராஸ்டூசுமாப் சிலருக்கு இதயத்தின் அழுத்தித் தள்ளும் ஆற்றலைக் குறைக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கிறோம். கீமோவில் கொடுக்கும் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து அப்படிப்பட்டதல்ல. அதனால் இதயத் தசைக்கு நேரும் சேதம் நிலைத்துவிடக்கூடும் என்பதால் வாழ்நாள் அளவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். டாக்ஸோரூபிசினைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுப்பதில்லை. டிராஸ்டூசுமாபைச் சேர்த்துத் தொடரலாம். ரேடியேஷனுக்காக அலையும் வாரங்களில் எக்கோ தேதியைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். கால் வீக்கமோ, படுத்தால் மூச்சு முட்டுவதோ இருந்தால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கார்கரில் புரோட்டான் சிகிச்சை வந்துவிட்டதாம். இதயத்துக்கு அதுதான் பாதுகாப்பு என்று உறவினர் சொல்கிறார். கடன் வாங்கியாவது அதைச் செய்யலாமா? (வாசகர், நெரூல்)

கடன் வாங்க வேண்டாம். கார்கரில் டாடா மெமோரியல் மையத்தைச் சேர்ந்த ஆக்ட்ரெக் வளாகத்தில் புரோட்டான் கருவி இருப்பது உண்மை. புரோட்டான் தன் ஆற்றலைக் குறித்த ஆழத்தில் இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும் என்பதும் உண்மை. ஆனால் மூச்சைப் பிடிக்கும் முறையிலேயே 1 அல்லது 2 கிரேக்கு இறங்கிவிட்ட இதயத்துக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் மிகச் சிறியது. மார்பெலும்புக் கணுக்களுக்கும் கதிர் தேவைப்பட்டு, எவ்வளவு முயன்றும் இதயத்தின் டோஸ் இறங்காதவர்களுக்கும், முன்பே அதே இடத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் அது பொருத்தமாக இருக்கலாம். யாருக்குத் தேவை என்பதைத் திட்டங்களை ஒப்பிட்டு மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ரேடியேஷன் நடக்கும்போது இதயத்துக்காக மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கலாமா? பல வருடமாக மிஸ்ரி தேய்க்கும் பழக்கமும் எனக்கு இருக்கிறது. (வாசகி, சயான் கோலிவாடா)

மருதம்பட்டை கதிர்வீச்சிலிருந்து இதயத்தைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்லாமல் அதைக் குடிக்கக் கூடாது.

மிஸ்ரியைப் பற்றி மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இங்குள்ள பெண்கள் பெரும்பாலும் அதைப் புகையிலையாகவே எண்ணுவதில்லை. அது வறுத்துப் பொடித்த புகையிலைதான். அதிலுள்ள நிகோட்டின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. புகைபிடிப்பவர்களைப் பற்றி 2017இல் வந்த ஒரு கணக்கு, கதிர்வீச்சால் இதய நோய் மரணம் கூடும் வாய்ப்பு புகைக்காதவர்களில் சுமார் 0.3 சதவீதம், தொடர்ந்து புகைப்பவர்களில் சுமார் 1 சதவீதம் என்கிறது. சிகிச்சை தொடங்கும் முன்பே மிஸ்ரியை விட்டுவிடுங்கள். கஷாயத்துக்குப் பதிலாக ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். மிஸ்ரி தேய்க்காமல் காலையில் வயிறு இளகாது என்று உங்களைப் போன்ற பலர் சொல்வார்கள். அந்தச் சிரமம் சில நாட்களில் சரியாகும், மிஸ்ரி இல்லாமல் மலச்சிக்கலுக்கு மருந்து எழுதித்தர எங்களால் முடியும்.

1996இல் என் அக்காவுக்கு இடது மார்பை அகற்றிக் கோபால்ட் கருவியில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது வயது 70. புற்றுநோய் திரும்பவில்லை. சில மாதமாக ரயில்வே பாலத்தில் ஏறினால் தாடை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது. வயதுக்கோளாறு என்று விட்டுவிடலாமா? (வாசகி, டோம்பிவிலி)

கூடாது. ஏறும்போது வந்து, நின்றால் அடங்கும் தாடை வலி நெஞ்சு வலிக்குச் சமம். பெண்களுக்கு மாரடைப்பின் முன்னறிவிப்பு நெஞ்சில் வராமல் தாடையிலும் தோளிலும் முதுகிலும் வருவதுண்டு. இந்த வாரமே இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சும்மா இருக்கும்போதே வலியோ வியர்வையோ வந்தால் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அக்கா பெற்றது இதயத்தைப் பார்த்துத் திட்டமிடாத காலத்துக் கதிர்வீச்சு. ரத்தக்குழாய் மட்டுமல்லாமல், இதய வால்வு தடிப்பதும் இதய உறை இறுகுவதும் இத்தனை ஆண்டு கழித்தும் வரக்கூடும் என்பதால், ஈ.சி.ஜி.யோடு எக்கோவும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, "1996இல் இடது மார்புக்கு ரேடியேஷன் கொடுத்திருக்கிறார்கள்" என்பதை. அக்காவின் மார்பில் உள்ள தழும்பைப் பார்த்து அறுவை சிகிச்சையை மருத்துவர் ஊகித்துவிடுவார். கதிர்வீச்சை யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். பழைய டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பழைய கோப்பு எண்ணைச் சொல்லி நகல் கேட்டுப் பாருங்கள். அது கிடைக்கும்வரை பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.